கூவியர் முதல் உணவு வண்டி வரை: ஆவுடையார்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

உழவும் வாணிகமும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று சமைத்த உணவை விற்கும் கடையாகும். அக்கடை ஓரிடத்தில் நிலைத்து நில்லாது உண்பாரைத் தேடிச் செல்லுமாயின் அது நடமாடும் உணவு வண்டி எனப் பெயர் பெறுகிறது. இன்று அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் செல்லும் சாலையைப் போன்ற சிற்றூர்ச் சாலைகளுக்கும் இத்தொழில் புதிதன்று. தள்ளுவண்டியில் கூழும் சுண்டலும் விற்றோர் இருந்த இடத்தில், மக்கள் 'குட்டி யானை' என வழங்கும் சிறு சரக்குந்தைச் சமையற்கூடமாக மாற்றியமைக்கும் இளைஞர்களும் வரத் தொடங்கியுள்ளனர். 'கையால் செய்தது', 'நம்ம ஊர்ப் பொருள்' என்னும் இரு தொடர்களை இத்தகைய வண்டிகளின் பலகைகளில் பரவலாகக் காணலாம். இவை வெறும் விளம்பரச் சொற்களா, விற்பவர் உண்பவருக்கு அளிக்கும் வாக்குறுதிகளா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

1. இலக்கியத்தில் நடமாடும் உணவு

சமைத்த உணவை விற்போரைச் சங்க இலக்கியம் 'கூவியர்' எனப் பெயரிட்டுச் சுட்டுகிறது. கரிய சட்டியில் பாகு சேர்த்து அவர்கள் சமைத்த அப்பத்தைப் பெரும்பாணாற்றுப்படை உவமையாக எடுத்தாள்கிறது. மதுரைக்காஞ்சி மதுரை மாநகரின் இரவைக் காட்டுமிடத்து, மெல்லிய அடையும் மோதகமும் விற்ற கூவியர் தம் பண்டங்களுடன் இருந்தபடியே உறங்கிவிழும் காட்சியைத் தீட்டுகிறது. நாள் முழுதும் அடுப்பின்முன் நின்றவரின் அயர்வைப் புலவர் கண்டு எழுதினார் என்பது நினைந்து போற்றத்தக்கது. சிலப்பதிகாரமும் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போர், உப்பு விற்போர் ஆகியோருடன் கூவியரையும் வரிசைப்படுத்துகிறது.

சக்கரத்தின்மேல் நடந்த வாழ்வுக்கு உமணர் சான்றாவர். உப்பு வண்டிகளில் கோழி அடைந்திருப்பதையும், காடி வைத்த கலம் கட்டப்பட்டிருப்பதையும், குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டிச் செல்வதையும் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. வீடும் வாணிகமும் ஒரே வண்டியில் சென்றன என்பது இதனால் பெறப்படும். மேலை நாட்டில் 1866ஆம் ஆண்டளவில் சார்லஸ் குட்நைட் என்பார் டெக்சாசு மாநிலத்தில் மாடு மேய்ப்போருக்கெனச் சமையல் வண்டி அமைத்ததையும், 1872இல் வால்டர் ஸ்காட் என்பார் பிராவிடன்ஸ் நகரில் குதிரை வண்டியிலிருந்து உணவு விற்றதையும் உணவு வண்டியின் தொடக்கமாகக் கூறுவர். அக்கூற்று அந்நாட்டளவில் பொருந்தும். நம் நாட்டில் இதன் வேர் அதனினும் மிகப் பழமையானது.

2. திருப்பெருந்துறையும் உணவும்

ஆவுடையார்கோவிலின் பழம்பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் வரலாற்றோடு பிணைந்த இவ்வூர்க் கோவிலில் மூலவருக்கு உருவமில்லை. ஆவுடை மட்டுமே உண்டு. இங்கு நடைபெறும் நிவேதன முறையும் தனித்தன்மை வாய்ந்தது. புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய் ஆகியன சுடச்சுடப் படைகல்லில் பரப்பப்பெறுகின்றன. எழும் ஆவியே நிவேதனமாகக் கொள்ளப்படுகிறது. உழவர் இல்லத்தில் அன்றாடம் உண்ணும் எளிய உணவே இங்குச் சிறப்புப் பெறுகிறது என்பதும், சமைத்த அப்பொழுதே படைக்கப்பெறுகிறது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன. பிற சமயத்தாராகிய நாமும் இதிலிருந்து ஓர் உண்மையை உணரலாம். ஊரில் விளைந்த எளிய பொருளும் உரிய சூட்டில் பரிமாறப்படும்போது மதிப்புப் பெறுகிறது.

மாணிக்கவாசகர் பற்றிய மரபுச் செய்தியில் உணவு வாணிகர் ஒருவருக்கும் இடமுண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை அவர் திருப்பணிக்குச் செலவிட்டதும், அதன் தொடர்ச்சியாக வைகையில் வெள்ளம் பெருகியதும் பலரும் அறிந்தவை. கரையடைக்கும் பணியில் தன் பங்குக்கு ஆளின்றித் தவித்த வந்தி, பிட்டு விற்றுப் பிழைத்த முதியவள். உதிர்ந்த பிட்டையே கூலியாகத் தர அவள் உடன்பட்டாள் எனப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணம் உரைக்கிறது. அரசனும் அமைச்சரும் வரும் கதையின் நடுவே, அன்றாடம் பிட்டு அவித்து விற்ற ஏழைப் பெண்ணொருத்தியை மரபு நிறுத்தியிருப்பது இத்தொழிலுக்குக் கிடைத்த பெருமை எனலாம்.

3. கடல் கடந்த காவடி

உள்ளூரில் நாம் எளிதாகக் கருதும் இத்தொழில் கடல் கடந்தும் புகழ்பெற்றதற்குத் தமிழ் முஸ்லிம்களே சான்று பகர்கின்றனர். மலேசியாவின் பினாங்குத் தீவில் 'நாசி கந்தர்' என்னும் உணவு பெயர்பெற்றது. மலாய் மொழியில் நாசி என்பது சோறு. கந்தர் என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. தமிழகத்திலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர், தண்டின் ஒருபுறம் சோற்றையும் மறுபுறம் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரிடம் நடந்து சென்று விற்றனர். சுமந்தவர் கடை வைத்தனர். கடைகள் பெயர்பெற்ற உணவகங்களாயின. இன்றும் தோள்சுமையின் பெயரே அவ்வுணவுக்கு நிலைத்து நிற்கிறது. அதை மறைக்க வேண்டும் என எவரும் எண்ணவில்லை.

சிங்கப்பூர் அரசு 1968-69இல் தெருவோர உணவு வணிகரைப் பதிவு செய்தது. பின்னர் 1986க்குள் அவர்களைக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட அங்காடிக் கூடங்களுக்கு மாற்றியது. சீன, மலாய், இந்திய உணவுகள் ஒரே கூரையின்கீழ் விற்கப்படும் அப்பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. விரட்டப்படாமல் நெறிப்படுத்தப்பட்ட தொழில், ஒரு நாட்டின் அடையாளமாகவே உயர்ந்தமை இதனால் விளங்கும்.

4. 'கையால் செய்தது', 'ஊர்ப் பொருள்'

இனி, பலகையில் எழுதப்படும் இரு தொடர்களை ஆராய்வோம். ஒருவர் தம் கையால் உழைத்து உண்பதே சிறந்த உணவு என்றும், நபி தாவூத் (அலை) அவர்கள் அவ்வாறே வாழ்ந்தார்கள் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாகப் புகாரி தொகுப்பு கூறுகிறது. ஆகவே கையால் உழைத்தல் என்பது இஸ்லாமிய நோக்கில் பெருமைக்குரியது. ஆயின், கையால் செய்ததாகக் கூறிவிட்டு ஆலைப் பொடியையும் ஆலைக் கலவையையும் பயன்படுத்துவாராயின் அப்பெருமை வாணிகப் பொய்யாக மாறிவிடும்.

ஊர்ப் பொருள் என்பதும் எளிதான சொல்லன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் நெல்லுண்டு, நிலக்கடலை உண்டு, ஆதனக்கோட்டை முந்திரியும் வடகாட்டுப் பலாவும் உண்டு, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைகளில் மீனுண்டு. எனினும் இவை எல்லாக் காலத்தும் கிடைப்பனவல்ல. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையுண்டு. அக்காலத்தில் நாட்டுப்படகுகள் கொணரும் சிறு அளவு மீனே கரைக்கு வரும், விலையும் ஏறும். அந்நாள்களில் வெளியூர்ப் பனிக்கட்டி மீனை வாங்கி 'நம்ம கடல் மீன்' என விற்பவர் உண்பவரை ஏமாற்றுகிறார். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் பெருமளவில் வீழ்த்தியது. ஊர்ப் பொருளை நம்பியவர் ஊரின் இழப்பிலும் பங்கேற்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இதற்குத் தீர்வு, பருவத்துக்கேற்பப் பண்டத்தை மாற்றுதலே. கோடையில் நுங்கும் பலாவும் கூழும். தை மாதத்தில் புதுநெல் அரிசியும் பனங்கிழங்கும். மீன் குறைந்த நாள்களில் கடலையும் கீரையும் பயறும் என அமைத்துக்கொள்ளலாம். பத்துப் பண்டங்களை வைத்து எல்லாவற்றிலும் குறைவைப்பதினும் மூன்று பண்டங்களைச் செம்மையாகச் செய்தல் நன்று. "இன்று மீன் வரவில்லை" என எழுதிவைக்கும் கரும்பலகை, வண்டியின் நற்பெயரை வளர்க்குமேயன்றிக் குறைக்காது.

5. மிச்சம் என்னும் சோதனை

இத்தொழிலின் அறம் உண்மையில் சோதிக்கப்படுவது மிச்சத்தில்தான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். ஒருவர் ஒரு நாளைக்கு 100 தட்டு உணவு சமைக்கிறார். தட்டொன்றுக்கு 25 ரூபாய் வீதம் செலவு 2,500 ரூபாய். விலை 40 ரூபாய் எனின், அனைத்தும் விற்றால் 4,000 ரூபாய் வரவு. 1,500 ரூபாய் மிகும். 60 தட்டுகள் மட்டுமே விற்றால் வரவு 2,400 ரூபாய். 100 ரூபாய் இழப்பு. அதாவது 63 தட்டுகள் விற்ற பின்னரே முதல் திரும்புகிறது. மழை பெய்த மாலையில் எஞ்சிய 40 தட்டுகளைப் பார்க்கும் வணிகர் உள்ளத்தில், 'நாளைக்குச் சூடுபடுத்தி விற்றால் என்ன?' என்னும் எண்ணம் எழுவது இயல்பே. வாக்குறுதி காக்கப்படுவதும் கைவிடப்படுவதும் அவ்வேளையில்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் இதற்குத் தெளிவான நெறிகளை வகுத்துள்ளது. சமைத்த உணவை அறையின் வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்தலாகாது. சூடாகப் பரிமாறுவதை 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்வித்து வைப்பதை 5 பாகைக்குக் கீழும் பேண வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகுவதே காரணம். நம் கோடையில் இந்நெறியைப் பேணுதல் இருமடங்கு இன்றியமையாதது. பொரித்த எண்ணெய்க்கும் எல்லையுண்டு. மீண்டும் மீண்டும் காய்ச்சுவதால் எண்ணெயில் உருவாகும் தீய கூட்டுப்பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கறுத்து நுரைத்துப் புகையும் எண்ணெயைக் கொட்டிவிடத் துணியாதவர், மரச்செக்கு எண்ணெயில் சமைத்தாலும் பயனில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என வணிகர் விடையிறுத்தார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய பெருமானார், ஏமாற்றுவோரைத் தம்மைச் சார்ந்தவராகக் கொள்ளவில்லை. இது முஸ்லிம் நூல் தொகுப்பில் வரும் செய்தி. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணி வாணிகம் செய்ய வேண்டும் என்னும் வள்ளுவர் கருத்தும் இதனோடு ஒத்து நிற்கிறது. உணவில் நனைந்த தானியம் என்பது நேற்றைய குழம்பே.

மிச்சத்தைக் குறைக்க எளிய வழியுண்டு. நூறையும் ஒருசேரச் சமைக்காது, முதலில் அறுபது, தேவை கண்டு பிறகு நாற்பது எனப் பகுத்துச் சமைக்கலாம். எஞ்சியதைக் கெடுமுன் பசித்தவர்க்கு ஈயலாம். விற்றவர்க்கு அது இழப்பாகத் தோன்றினும், வந்தியின் உதிர்ந்த பிட்டைப்போல் அதுவும் பயன்பட்டதே ஆகும்.

6. சட்டமும் சமுதாயமும்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், நடமாடும் சிறு வணிகருக்கு உரிமம் பெறும் கடமையிலிருந்து விலக்களித்து, பதிவு செய்துகொண்டால் போதும் என எளிமைப்படுத்தியது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் வணிகரின் பேராளர் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும், அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என விதித்தது. ஆயின் அச்சட்டம் நகரங்களை மனத்திற்கொண்டு எழுந்தது. சிற்றூர்ச் சாலையோரத்து வணிகர் ஊராட்சியின் இசைவையும் ஊராரின் நல்லெண்ணத்தையுமே பெரிதும் நம்பி நிற்கிறார். எனவே சமுதாயப் பெரியோரின் கடமை இங்குக் கூடுகிறது. வண்டி நிற்க நிழலுள்ள ஓரிடம், நல்ல குடிநீர், குப்பை அகற்றும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் செய்து கொடுத்தால் பாதித் துன்பம் நீங்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு தடை செய்துள்ளமையால், வாழையிலையும் தையல் இலையும் பாக்குமட்டையும் மீண்டும் வழக்குக்கு வரல் வேண்டும். அவற்றைத் தைத்துத் தரும் கைகளுக்கும் வேலை கிட்டும்.

பட்டம் பெற்ற மகன் உணவு வண்டி வைப்பதை இழுக்கெனக் கருதி, கடன் வாங்கியேனும் அயல்நாட்டுக்கு அனுப்பும் மனப்போக்கு நம் கடலோர ஊர்களில் உண்டு. அங்குச் சென்றவர் செய்யும் வேலையும் பலவேளை உணவகத்து வேலையாகவே அமைகிறது. பினாங்கில் காவடி சுமந்ததைப் பெருமையாகப் பேசும் நாம், அதே உழைப்பை ஆவுடையார்கோவில் சந்தியில் ஏன் இழிவாக எண்ண வேண்டும்? கணக்கறிவும் சட்டஅறிவும் மொழியறிவும் பெற்ற மாணவர் இத்தொழிலில் இறங்கின் தொழிலே உயரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நடமாடும் உணவு வாணிகம் தமிழர்க்குப் புதிதன்று என்பதும், சங்ககாலக் கூவியர் தொட்டுப் பினாங்கின் காவடி வணிகர் வரை அதற்கு நெடிய மரபுண்டு என்பதும் புலனாகும். கையால் செய்தது, ஊர்ப் பொருள் என்னும் இரு தொடர்களும் வாக்குறுதிகளே. பருவம் அறிந்து பண்டம் மாற்றுவோரும், மிச்சத்தை மறைக்காதோரும் மட்டுமே அவற்றைக் காப்பாற்ற இயலும். நிலையான கடைக்குக் கட்டடம் அடையாளம். சக்கரத்தின்மேல் நிற்கும் கடைக்கு, நேற்று உண்டவர் இன்றும் தேடி வருவதே அடையாளம். அந்நம்பிக்கையை அமானிதமாகக் கருதிப் பேணும் இளைஞர்க்குத் தோள்கொடுப்பது ஆசிரியர், பெற்றோர், பெரியோர் ஆகிய நம் அனைவரின் கடனாகும்.