வேட்பாளர் என்ன சொன்னார்? குறிப்பெடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

சட்டமன்றத் தேர்தல் நெருங்கினால் ஐயப்பன்தாங்கல் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களிலிருந்து சில இளைஞர்கள் வருவார்கள். "வேட்பாளர்களோட நிலைப்பாட்டையெல்லாம் தொகுத்து எல்லாருக்கும் கொடுக்கப் போறோம் ஐயா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு அவ்வப்போது சொன்னதை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

1. முதலில் தொகுதியைச் சரிபாருங்கள். ஐயப்பன்தாங்கல் ஆலந்தூர் தொகுதி. பக்கத்து ஊரான போரூர் மதுரவாயல் தொகுதி. எதிர்த்திசையில் காட்டுப்பாக்கம் போனால் மாவட்டமே காஞ்சிபுரத்திலிருந்து திருவள்ளூருக்கு மாறிவிடும். ஒரே பூந்தமல்லி சாலையில் மூன்று ஊர்க்காரர்களும் ஒரே நெரிசலில் நிற்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருபவர்கள் மட்டும் வேறு வேறு ஆட்கள். உங்கள் தொகுப்பு யாருக்கு என்பதை வாக்காளர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

2. ஆளைத் தேடுமுன் கேள்வியை எழுதுங்கள். "தொகுதிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் "எல்லாம் செய்வேன்" என்றுதான் பதில் வரும். ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைப்பதை ஆதரிக்கிறீர்களா? பாதாளச் சாக்கடை வரும்வரை அடுக்குமாடிகளின் கழிவுநீர் லாரிகளை அரசே கண்காணிக்க வேண்டும் என்கிறீர்களா? இப்படி ஆம், இல்லை என்று ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டிய கேள்விகளாக ஐந்தாறு போதும். எல்லா வேட்பாளருக்கும் அதே கேள்வி, அதே சொற்கள். சுயேச்சைக்கும் அதேதான்.

3. கேட்கும் விஷயம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறிக் குடியரசுத் தலைவருக்குப் போனது. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் சட்டமன்றத்தின் கை அந்த அளவுக்குத்தான் நீளும். நம் சாலை மேலே போகும் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோவிலும் மாநிலம், ஒன்றியம் இரண்டின் பணமும் இருக்கிறது. ஆகவே "செய்வேன்" என்பவரிடம் "சட்டமன்றத்தில் நின்று எதைச் செய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

4. பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். அதில் இல்லாததைத் தேடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2002-இல் தந்த தீர்ப்பின் பயனாக, வழக்குகள், சொத்து, கடன், கல்வி இவற்றை வேட்பாளர் படிவம் 26-இல் சத்தியம் செய்து தரவேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் உங்கள் ஊர் ஏரியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. அதைச் சட்டம் கேட்கவில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் நீங்கள் கிளம்பியிருக்கிறீர்கள். சொத்துக் கணக்கைத் தனித்தாளில் வையுங்கள், கொள்கைத்தாளில் கலக்காதீர்கள்.

5. கட்சி சொன்னது ஒரு பத்தி, வேட்பாளர் சொன்னது இன்னொரு பத்தி. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போட்டால் பதவியே போகலாம். எனவே தேர்தல் அறிக்கைக்கு மாறாக ஒரு வேட்பாளர் தெருமுனையில் பேசினால், இரண்டையும் அருகருகே எழுதுங்கள். எது நிற்கும் என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

6. வாக்குறுதியின் எடையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 1967-இல் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. மூன்று படியை மட்டும் குறித்தவர் பாதியைத்தான் குறித்தார். 2016-இல் அ.தி.மு.க. மதுவிலக்கைப் படிப்படியாகக் கொண்டுவருவோம் என்றது; பதவியேற்ற அன்று 500 கடைகளை மூட உத்தரவானது. "படிப்படியாக" என்பதை விட்டுவிட்டால் அந்த உத்தரவை எப்படி அளப்பீர்கள்? 2021-இல் தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது வருமானம், நிலம், மின்நுகர்வு என்று தகுதிகள் இருந்தன. சொன்ன அன்றே "யாருக்கெல்லாம்?" என்று கேட்டு எழுதியவர் கையில்தான் சரியான குறிப்பு இருக்கும். பணம் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். இலவசங்கள் குறித்துத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, நிதிக்கான வழியை அறிக்கையில் காட்டவேண்டும் என்று தேர்தல் ஆணையமே விதி வைத்திருக்கிறது.

7. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் அவைக்குறிப்பைப் புரட்டுங்கள். நம் சட்டமன்றத்தில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. யார் எந்தப் பக்கம் என்று பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. ஆகவே கேள்வி நேரமும் மானியக் கோரிக்கைப் பேச்சும்தான் உங்களுக்கு ஆதாரம். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாத் தொகுதி உறுப்பினர்களிடமும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார். பத்தில் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதைவிட நல்ல சான்று கிடைக்காது. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு வந்த 3 கோடி எங்கே போனது என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

8. தேதி, இடம், யார் முன்னிலையில் என்ற மூன்றும் இல்லாத பேச்சு குறிப்பில் ஏறக்கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த வெட்டிய காணொளி சான்றாகாது, முழுப்பேச்சைத் தேடுங்கள். துண்டறிக்கை கிடைத்தால் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அது கட்டாயம். இல்லையென்றால் எதிர்முகாம் அடித்ததாகக்கூட இருக்கலாம்.

9. மௌனத்தையும் எழுதுங்கள். "இத்தனாம் தேதி எழுத்தில் கேட்டோம், பதில் இல்லை" என்றால் போதும். "மழுப்பினார்", "தப்பித்தார்" என்ற சொற்கள் வேண்டாம். "தலைமை முடிவு செய்யும்" என்றால் அதையும் அப்படியே போடுங்கள். அதுவும் ஒரு பதில்தான். வெளியிடுமுன் அவரவர் பகுதியை அவரவருக்கு அனுப்பித் திருத்தம் கேளுங்கள். அவர் திருத்தினால் பழைய வாசகத்தை அழிக்காமல் புதியதைக் கீழே சேருங்கள்.

10. மதிப்பெண் போடாதீர்கள். உங்களுக்கும் ஒரு கட்சி பிடிக்கும்; அதில் தவறில்லை. அதை வாக்குச்சாவடியில் காட்டுங்கள், தாளில் காட்டாதீர்கள். இரண்டு கட்சிக்காரர்களிடமும் தாளைக் கொடுத்து, இருவரும் "நாங்கள் இதைச் சொல்லவே இல்லை" என்று சொல்ல முடியாமல் போனால் உங்கள் வேலை சரி.

கடைசியாக ஒன்று. தேர்தல் முடிந்ததும் தாளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்கு உண்மையான வேலை வெற்றி அறிவித்த மறுநாள்தான் தொடங்குகிறது. ஐந்து ஆண்டும் பத்திரமாக வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துக்கொண்டு உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.