கேளாமல் கிழித்த கோடு
(கொரியா தரும் பாடம்)

முன்னுரை

பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாயி வீட்டிற்குப் போக நாம் யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை. உக்கடத்தில் பேருந்து ஏறினால் போதும். ஆனால் ஓரிரவில் யாரோ வரைபடத்தில் கோடு கிழித்து, "இனி அவர்கள் வேறு நாடு, நீங்கள் வேறு நாடு" என்று கூறிவிட்டால் நம் கதி என்னவாகும்? கொரிய மக்களுக்கு நேர்ந்தது இதுவே. அவர்களுடைய வரலாற்றையும், அதில் நம் பாரத நாடு ஆற்றிய அரும்பணியையும் இங்கே காண்போம்.

பிரிவினை

கொரியா 1910 முதல் 35 ஆண்டுகள் ஜப்பானின் ஆட்சியில் அல்லலுற்றது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோல்வியுறும் தறுவாயில், வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க இராணுவ அதிகாரிகள் சுமார் அரைமணி நேரத்தில் 38ஆம் அட்சரேகையை எல்லையாகக் குறித்தனர். வடபகுதியில் சோவியத் படையும் தென்பகுதியில் அமெரிக்கப் படையும் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்பதற்கான தற்காலிக ஏற்பாடே அது. கொரியர் எவரையும் யாரும் கேட்கவில்லை.

நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்த ஐ.நா. அமைத்த குழுவிற்கு முதலில் நம் நாட்டுக் கே.பி.எஸ். மேனன் தலைமை வகித்தார். வடக்கே செல்ல அக்குழுவிற்கு இடம் தரப்படவில்லை. 1948 ஆகஸ்ட் 15இல் தெற்கே சிங்மன் ரீ தலைமையிலும், செப்டம்பர் 9இல் வடக்கே கிம் இல் சுங் தலைமையிலும் இரு அரசுகள் தோன்றின.

போரும் நம் மருத்துவப் படையும்

1950 ஜூன் 25இல் வடகொரியப் படை எல்லையைக் கடந்தது. மூன்றாண்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சியோல் நகரம் மட்டும் நான்கு முறை கைமாறியது.

இந்தியா அங்கே போரிடப் படை அனுப்பவில்லை; காயமுற்றோரைக் காக்க 60ஆவது பாராசூட் மருத்துவப் படையை அனுப்பியது. அதன் தலைவர் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். 1950 டிசம்பரில் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது, மருந்துகளையும் கருவிகளையும் கைவிட மனமின்றி, கேட்பாரற்றுக் கிடந்த இரயிலைத் தாங்களே ஓட்டிவந்து அவற்றைக் காப்பாற்றினர் நம் வீரர்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

"எங்கே செல்ல விரும்புகிறாய்?"

1953 ஜூலை 27இல் பன்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஆயினும் கைதிகள் பலர் தாயகம் திரும்ப மறுத்தனர். தெற்கே பிடிபட்டிருந்தோரில் சுமார் 22,600 பேர்; வடக்கே பிடிபட்டிருந்தோரில் 359 பேர். இவர்களுடைய விருப்பத்தை அறிய ஐந்து நடுநிலை நாடுகளின் ஆணையம் ஏற்பட்டது. அதன் தலைவர் நம் ஜெனரல் திம்மய்யா. நம் கோவைக்கு அருகிலுள்ள குன்னூரில் புனித சூசையப்பர் பள்ளியில் இளமையில் பயின்றவர் அவர்.

இப்பணிக்காகச் சென்ற சுமார் 6,000 இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால்வைக்கத் தென்கொரிய அரசு இசையவில்லை. ஆதலால் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் எல்லைப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கைதிகள் கலகம் செய்தனர். பலர் விளக்கம் கேட்கவும் மறுத்தனர். எல்லோரையும் கேட்டு முடிப்பதற்குள் காலக்கெடு முடிந்தது. எனினும், கோடு கிழித்தவர்கள் கேளாத கேள்வியை நம்மவர் கேட்டனர். 88 பேர் இரு பக்கமும் வேண்டாமென்று, 1954இல் நம் வீரர்களோடு இந்தியாவிற்கு வந்தனர். பின்னர்ப் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவிற்கும் சென்றனர்.

தெற்கும் வடக்கும்

வடக்கே ஒரே குடும்பத்தின் ஆட்சி மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது. தெற்கிலும் மக்களாட்சி எளிதில் மலரவில்லை. 1980இல் குவாங்ஜூ நகரில் உரிமை கேட்ட மக்களை இராணுவம் சுட்டது. 1987 ஜூனில் மாணவர்கள் சியோலின் மியோங்டோங் பேராலயத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களைக் கைதுசெய்ய வருவோர் முதலில் தம்மையும், பின்பு குருக்களையும், கன்னியரையும் மிதித்துக்கொண்டே செல்லவேண்டும் என்றார் கர்தினால் ஸ்டீபன் கிம். காவலர் உள்ளே நுழையவில்லை. அவ்வாண்டே மக்கள் தம் குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர்.

பிரிந்த குடும்பங்களின் துயரமோ தீரவில்லை. 1983இல் தென்கொரியத் தொலைக்காட்சி 138 நாட்கள் நடத்திய நிகழ்ச்சியால், போரில் சிதறிய பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. ஆனால் அவை தெற்கிலேயே இருந்தவை. எல்லைக்கு அப்பாலுள்ளோரைக் காண அரசுகளின் அனுமதி வேண்டும். கத்தோலிக்கரான கிம் டே ஜுங் 2000ஆம் ஆண்டில் வடகொரியத் தலைவரைச் சந்தித்தபின் அத்தகைய சந்திப்புகள் பெருகின. முதிய தாய்மார் தம் மக்களைச் சில நாட்கள் கண்டு, மீண்டும் பிரிந்தனர். கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் நடந்தது. 2024இல் வடகொரியா, இணைப்பு இனித் தன் குறிக்கோள் அன்று என அறிவித்து, எல்லைச் சாலைகளையும் வெடிவைத்துத் தகர்த்தது.

முடிவுரை

இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள படை நீக்கப் பகுதியின் அகலம் நான்கு கிலோமீட்டரே. ஏறத்தாழ உக்கடத்திலிருந்து காந்திபுரம் செல்லும் தூரம். அதைக் கடக்க இயலாமல் எத்தனையோ தாய்மார் கண்மூடினர்! சமாதான உடன்படிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை.

கோடு கிழிக்க அரைமணி போதும். அழிக்க எண்பது ஆண்டுகளும் போதவில்லை. எனவே, வீட்டிலாயினும் வகுப்பிலாயினும் பிறரைப் பற்றி முடிவுசெய்யுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேட்போம். நாளை நாட்டின் பொறுப்புகளை ஏற்கப்போகும் நாம், இன்றே அப்பழக்கத்தைக் கைக்கொள்வோமாக!