கதவு எண் இல்லாத வீட்டுக்கு வழி சொல்வது எப்படி?

"மாரியம்மன் கோயிலைத் தாண்டி, டீக்கடைக்கு எதிர்ல உள்ளே வாங்க." பகலில், உள்ளூர்க்காரருக்கு இது போதும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் 108 ஓட்டுநருக்குப் போதாது. டீக்கடை மூடியிருக்கும், மாரியம்மன் கோயில் ஊரில் இரண்டு இருக்கும். தோட்டத்து வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

பின்கோடு இருக்கிறதே என்பீர்கள். 1972-இல் வந்த அந்த ஆறு இலக்கம் தபால் நிலையம் வரைக்கும்தான். வாசலைச் சொல்ல, அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் என்ற 10 இடக் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்குக் கைகொடுப்பது கூகுள் மேப்ஸில் உள்ள பிளஸ் கோடு.

மேப்பில் சேட்டிலைட் காட்சியை வையுங்கள். உங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து, அதன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். கீழே, நடுவில் கூட்டல் குறியோடு சில எழுத்தும் எண்ணும், கூடவே ஊர்ப் பெயரும் தெரியும். அதுதான் கோடு. பூஜ்யம், ஒன்று, ஆங்கில ஓ, ஐ எதுவும் இதில் வராது. போனில் வாசித்தாலும் குழப்பம் குறைவு. வாட்ஸ்அப் லொகேஷன் அனுப்ப நெட் வேண்டும். இதைச் சாதாரண அழைப்பிலேயே சொல்லிவிடலாம். ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள்.

இன்றே எடுத்து, வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும்படி சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வண்டி கிளம்பியதும் மெயின்ரோட்டில் டார்ச்சோடு ஒருத்தரை நிறுத்துங்கள்.