மிதிவண்டித் திருநாள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம், மகளிர்க்கு எழுத்தறிவோடு மிதிவண்டி ஊரவும் கற்பித்தது. எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் யாது தொடர்பு என வினவுவீர்கள். சிற்றூர்தோறும் சென்று பாடஞ்சொன்ன தொண்டருள் பலர் பெண்டிர். பேருந்தையோ, தந்தை தமையன் துணையையோ எதிர்நோக்காது அவர்கள் செல்லுதற்கு அவ்வூர்தியே உதவிற்று. அந்நாள் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனை இயக்கத்தின் ஒரு கூறாகவே ஆக்கினார்.

வயற்கூலியரும் கல்லுடைப்போரும் செவிலியரும் ஊரார் நகைப்பைப் பொருட்படுத்தாது கற்றனர். மகளிர் வண்டி போதாமையால் ஆடவர் வண்டியையே ஏற்றனர். அதன் முன்தண்டில் குழந்தையை அமர்த்தலாம் என்பது அவர்கள் கண்ட நயம். கற்றதைக் காட்டப் பொதுவிடங்களில் போட்டிகள் நடந்தன. 1992ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், உலக மகளிர் நாளன்று, 1,500க்கு மேற்பட்டோர் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலிக்கப் புதுக்கோட்டை நகரில் உலா வந்தனர்.

இயக்கம் முடிந்தது, விழாவும் நின்றது. மிதிவண்டியோ நின்றிலது, பின்னாளில் அரசே அதனைப் பள்ளி மாணவியர்க்கு விலையின்றி வழங்கிற்று. பழகிப்போன பொருளுக்கு விழா எதற்கு என்பார் உளர். நெல்லும் பழகிய பொருளே. பொங்கலை நாம் விடவில்லை. இன்று அவ்வூர்ப் பெண்ணொருத்தி மிதிவண்டியில் பள்ளி சென்றால் எவரும் திரும்பி நோக்கார். அவள் பாட்டி காலத்தில் தெருவே திரண்டு நோக்கிற்று.