இருளர் தொழிற் கூட்டுறவும் உழவர் வயலும்

சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் சமயத்தில் வரப்போரம் நடந்து பார்க்கும் உழவர்களுக்கு இக்காட்சி பழக்கமானது. நேற்று நின்ற தூர்கள் இன்று அடியில் சாய்வாக வெட்டுண்டு கிடக்கும். வரப்பின் ஓரத்தில் புதுமண் தள்ளியிருக்கும். எலி வந்துவிட்டது என்று அறிந்ததும் கடைக்கு ஓடி மருந்து வாங்குவதே இன்று பெரும்பாலோர் வழக்கம். முன்பு வட மாவட்டங்களில் பல ஊர்களில் நிலைமை வேறாக இருந்தது. ஏரிக்கரை ஓரத்தில் குடியிருந்த இருளர் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் கடப்பாறையும் மண்சட்டியுமாக வந்து வளை வளையாகப் பார்த்துப் பிடித்துச் செல்வார்கள். கூலியென்று பெரும்பாலும் ஒன்றும் இராது. பிடித்த எலியும், வளையிலிருந்து தோண்டியெடுத்த நெல்லும், போகும்போது களத்துக்காரர் மனம் வைத்தால் ஒரு மரக்கால் தானியமும், அவ்வளவே.

அந்த வேலை ஒரு தொழில் என்பதையும், அதைச் செய்பவர் தொழிலாளி என்பதையும் நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. பழங்குடி மக்களுக்கு வேலைவாய்ப்பும் தொழிற்பயிற்சியும் தருவது குறித்து இன்று அதிகம் பேசப்படுகிறது. அதில் உழவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வளை எண்ணத் தெரிந்தவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் எலி ஒழிப்புச் செயல்விளக்கம் நடத்தச் சென்றிருந்தேன். ஒரு ஏக்கர் வயலைச் சுற்றி வந்து எண்ணியதில் 43 வளைகள் இருந்தன. அதற்கு எவ்வளவு நச்சுணவு வேண்டும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த இருளர் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அதுல ஆள் இருக்கிற வீடு ஏழுதான்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் அவரோடு வயலில் இறங்கினேன். வாயில் சிலந்தி நூல் கட்டியிருந்தால் அவ்வளை காலி. மண் ஈரமாகவும் பொடியாகவும் இருந்தால் இன்றிரவுதான் தள்ளியது. வாயருகே பசுந்தூர் துண்டு கிடந்தால் உள்ளே இழுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளி மெல்லிய மண்மூடியோடு ஒரு தப்பும் வழி இருக்கும். முதலில் அதைக் கண்டு அடைக்க வேண்டும். இவற்றை அவர் மனைவிதான் காலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவர்கள் குறித்த 7 வளைகளைத் தோண்டியதில் 6 வளைகளில் எலி இருந்தது. பாடநூல் முறையிலும் இதற்கு ஒரு வழி உண்டு. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டு, காலையில் எவை திறந்துள்ளன என்று பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஒரு இரவு வேண்டும்; அந்த அம்மாளுக்கு ஒரு பார்வை போதும்.

தோல் வாணிகம் நின்றபோது

தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று 6 இனத்தவர் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோர் அவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இருளர் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர். நீலகிரிச் சரிவுகளில் வாழ்வோரும் உண்டு. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிச் சமவெளிகளில் வாழ்வோரும் உண்டு. இங்கு நாம் பேசுவது சமவெளி இருளரைப் பற்றி.

இவர்கள் பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்கள். அக்காலத்தில் பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி இருந்தது. தோல் வாணிகருக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தே பல குடும்பங்கள் பிழைத்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்பைக் காக்க அது தேவையான சட்டமே. எலியைத் தின்னும் பாம்பு அழிந்தால் நட்டம் நமக்குத்தான். ஆனால் சட்டம் ஒரு கையால் தொழிலை எடுத்துக்கொண்டதே தவிர, மறு கையால் வேறு எதையும் கொடுக்கவில்லை. விறகு வெட்டவும், செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். முன்பணம் கழியாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கட்டுண்டு கிடந்தவர்களும் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல்தான் வந்தது. அதன் பின்னரும் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டு வந்த செய்திகளை நாம் படித்து வந்திருக்கிறோம்.

1978ஆம் ஆண்டுக் கூட்டுறவு

இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கம், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் இதற்கு முன்முயற்சி எடுத்தார். உறுப்பினர்கள் இருளர்களே.

தொழில் என்னவென்றால், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுப்பது. கறவை மாட்டை அடிமாடாக விற்பதற்கும் பால் கறந்து விற்பதற்கும் உள்ள வேறுபாட்டை உழவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளை உறுப்பினர்கள் உயிரோடு பிடித்துத் துணிப்பையில் கொண்டுவருவர். வகைக்கு ஏற்ப விலை. ஒவ்வொரு பாம்பையும் மண்பானையில் வைத்து, வாய்க்குத் துணி கட்டி, சில வாரங்கள் பராமரிக்கின்றனர். வாரத்துக்கு ஒரு முறை நஞ்சு எடுப்பர். பின்னர் வயிற்றுப்புறச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிவிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் அடையாளத்தைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். எடுத்த நஞ்சை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கின்றனர்.

அந்நிறுவனங்கள் நஞ்சைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துப் பாம்புக்கடி மருந்தாக்குகின்றன. இந்தியாவில் பாம்புக்கடியால் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இறந்தவர்களில் மிகுதியானோர் கிராமத்தவர். வயலில் வேலை செய்பவர்கள். நாட்டில் இம்மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே நெடுங்காலமாகச் சென்று வந்திருக்கிறது. இரவில் மடை திறக்கப் போய்க் கடிபட்டு, அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுப் பிழைத்த உழவர் ஒவ்வொருவரும், முகம் அறியாத ஓர் இருளரின் கைவேலையால் பிழைத்திருக்கக்கூடும். (கடிபட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்வது ஒன்றே வழி என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன்.)

பயிற்சி என்பது எது?

பழங்குடியினர் குடியிருப்பு ஒன்றில் தையற் பயிற்சி முடிந்து மூன்றாண்டு கழித்துச் சென்று பார்த்திருக்கிறேன். சான்றிதழ்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. இயந்திரம் ஒன்று கோழி அடையும் இடமாகியிருந்தது. தைக்கத் தெரியாததனால் அன்று. தைக்கக் கொடுப்பார் எவரும் இல்லாததனால். நடத்தியவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு பாடத்திட்டம் வகுத்ததுதான் பிழை.

பாம்புக் கூட்டுறவில் பாம்பு பிடிக்க எவரும் எவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அது அவர்கள் தாய் தந்தையரிடம் கற்றது. புதிதாகச் சேர்ந்தவை நஞ்சைத் தூய்மையாக எடுத்து உலர்த்துதல், எடை பார்த்தல், வகைவாரியாகப் பதிவேடு எழுதுதல், உரிமம் பெறுதல், விலை பேசுதல் ஆகியவையே. இருந்த திறனுக்கும் சந்தைக்கும் நடுவே எவை குறைவோ அவற்றை மட்டும் சேர்த்தார்கள். பயிற்சியில் இதுவே முக்கியம் என்பது என் கருத்து. நாமும் அப்படித்தான் கற்கிறோம். நாற்று விடத் தெரியாத உழவருக்கு எந்த விரிவுரையாளர் கற்றுக்கொடுத்தார்?

இத்திறனுக்கு வெளிநாட்டிலும் தேவை வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள காட்டுயிர்களை அழித்து வந்தன. 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அங்கு அழைக்கப்பட்டனர். முதல் 8 நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர்; அவற்றுள் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால் விருதினால் எல்லாருடைய அடுப்பும் எரிந்துவிடவில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். அனுமதி தாமதமானால் உறுப்பினருக்கு வேலை இல்லை. நஞ்சு விற்றால்தான் பணம். சங்க உறுப்பினர்கள் சில நூறு பேர். மற்ற இருளர் குடும்பங்களுக்கு இதனால் நேரடி வருவாய் இல்லை. சாதிச் சான்று கிடைக்காமல் பிள்ளைகளின் படிப்பும் உதவித்தொகையும் தடைப்படும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. அண்மை ஆண்டுகளில் திருவள்ளூர் மாவட்டத்தில், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்களே செங்கல் சூளை நடத்த மாவட்ட நிர்வாகம் துணை செய்தது. செங்கல் அறுக்கத் தெரிந்தவர்களுக்குச் சூளையையே கொடுத்த இம்முயற்சியும் பாம்புக் கூட்டுறவின் வழியில் வந்ததே. ஆனால் எல்லா ஊரிலும் சூளை வைக்க முடியாது. வயல் இருக்கும் ஊரிலெல்லாம் எலி இருக்கிறது.

எலி பிடிப்பில் வந்த மாற்றம்

மண்சட்டியில் வைக்கோலும் சருகும் இட்டுத் தீ மூட்டி, சட்டியின் அடியிலுள்ள துளையில் வாய் வைத்து ஊதி, புகையை வளைக்குள் செலுத்துவது பழைய முறை. உதடும் கையும் சுடும். புகை நெஞ்சுக்குள் இறங்கும். இதை மாற்றிக் கையால் சுற்றும் ஊதுவிசிறி பொருத்திய உலோகப் பானை ஒன்றை உருவாக்கி, உலக வங்கியின் 2003ஆம் ஆண்டு உதவியோடு இருளர் குடும்பங்களுக்கு வழங்கினர். இங்கும் வளை பார்க்கும் கண் அவர்களுடையது. விசிறி மட்டுமே புதிது. வாயால் ஊதுவதைவிட வேகமாகப் புகை நிறைவதால் எலி தப்புவதும் குறைந்தது.

குழுவை அமர்த்தும்போது

முதலாவதும் மிக முக்கியமானதும் இது. நச்சுணவு வைத்த வயலுக்கு எலி பிடிப்பவரை அழைக்காதீர்கள். பிடித்த எலியை அவர்கள் உண்பர், பிள்ளைகளும் உண்பர். புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் நடமாடும், அதன் உடலில் நஞ்சு தங்கியிருக்கும். சிங்க் பாஸ்பைடு வைத்த வயலும் அவ்வாறே ஆபத்தானது. அண்டை வயல்காரர் வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டறிந்து, முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஆந்தைக்கும் பாம்புக்கும் இதே கேடு உண்டு.

கூலியை எலிக்கு இவ்வளவு என்று பேசுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எலி குறைந்த வயலில் நாள் முழுதும் தேடியவர் வெறுங்கையோடு போக நேரிடும். எலி நிறைந்த வயலில் எளிதில் கிடைப்பதை மட்டும் பிடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகத் தோன்றும். நாற்றுப் பறிக்கும் ஆளுக்குக் கொடுப்பதற்குக் குறையாத நாட்கூலி, அதன்மேல் எலிக்கு ஒரு சிறு தொகை என்று பேசுவது இருவருக்கும் நலம். கணவன் மனைவி இருவரும் வந்தால் இரு கூலி. பணத்தை அன்று மாலையே கையில் கொடுத்துவிட வேண்டும். முன்பணம் கொடுத்துக் கணக்கில் வைக்கும் பழக்கத்தை எந்தப் பெயரிலும் தொடங்காதீர்கள். வளையில் கிடைக்கும் நெல் பிடிப்பவருக்கே என்பது பழைய வழக்கம். கூலி கொடுப்பதைக் காரணம் காட்டி அதை நிறுத்த வேண்டாம்.

தோண்டிய வரப்பை யார் கட்டுவது என்பதில்தான் சண்டை வரும். தோண்டும் முன்பே பேசி முடிவு செய்க. வைக்கோற்போர் அருகே புகை போட நேர்ந்தால் ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். எலியின் சிறுநீரால் காய்ச்சல் பரவும். ஆகையால் வெட்டுக்காயம் உள்ள கையால் எலியைத் தொடாமல் கையுறை இட்டுக்கொள்வது நலம்.

காலத்தைப் பொறுத்தவரை, அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும்போது எலிகள் வரப்புகளில் ஒடுங்கியிருக்கும். அப்போது பிடிப்பதே சிறந்தது. அதை விட்டால், பயிர் பொதி கட்டும் முன்பாவது பிடித்துவிட வேண்டும். எலியின் சினைக்காலம் ஏறத்தாழ 3 வாரமே ஆதலால், கதிர் வந்தபின் விழித்துக்கொண்டு பயனில்லை. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி பத்து நாளில் குடிபுகும். பத்துப் பதினைந்து உழவர்கள் சேர்ந்து, அடுத்தடுத்த வயல்களை ஒரே வாரத்தில் முடிக்குமாறு ஒரு குழுவை அமர்த்தினால், குழுவுக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கும். அவர்கள் வருவதற்கு முதல்நாள் மாலை உங்கள் வரப்பிலுள்ள வளைகளையெல்லாம் ஈரமண்ணால் அடைத்து வையுங்கள். காலையில் திறந்திருப்பவற்றை நீங்கள் எண்ணி வைத்துக்கொண்டு, அவர்கள் குறிக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.