காவற்படையின் கடிவாளம்

உடலுக்குள் புகும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படையில் டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள் முன்னணியில் நிற்பவை. பகையை அழிக்க வல்ல அவை, கட்டுமீறினால் சொந்த உடலையே தாக்கவும் வல்லவை. ஆதலின் இயற்கை அவற்றுக்குக் கடிவாளம் பூட்டியுள்ளது. டி-செல்லின் மேற்பரப்பில் அமைந்த சில புரதங்களே அக்கடிவாளங்கள். அறிவியலார் இவற்றை ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடிகள்’ என்பர்.

1992ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோவின் குழுவினர் பிடி-1 என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். அது டி-செல்லை அடக்கும் கடிவாளம் என்பது பின்னரே புலனாயிற்று. நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள் பல, பிடி-எல்1 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் மிகுதியாகத் தாங்கியுள்ளன. அது பிடி-1உடன் இணைந்தவுடன் டி-செல் தாக்குதலைக் கைவிடுகிறது. காவலனின் கடிவாளம் கள்வன் கைக்குப் போய்விட்ட நிலை இது. இவ்விணைப்பைத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் 2015இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றன. சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு கடிவாளத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் அல்லிசனும் ஹோஞ்சோவும் 2018இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும் இம்மருந்துகளுக்கு இணங்காத நோயாளிகள் பலர். இணங்கியோருள்ளும் சிலருக்கு நோய் மீள்கிறது. கடிவாளம் ஒன்றன்று என்பதே அதற்கொரு காரணம். லாக்-3, டிம்-3, டிஜிட் எனப் புதிய இலக்குகளை ஆய்வாளர் நாடினர்.

இவற்றுள் டிஜிட் செயற்படும் முறை வியப்புக்குரியது. புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள ஒரே புரதத்தைப் பற்றிக்கொள்ள, டி-செல்லின் இரண்டு புரதங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று சவுக்கைப் போல் டி-செல்லைத் தூண்டுவது. மற்றொன்றான டிஜிட் அதனை அடக்குவது. இப்போட்டியில் இறுகப் பற்றுவது டிஜிட்டே. அதனைத் தடுத்துவிட்டால் சவுக்கு வேலை செய்யும் என்பது ஆய்வாளர் கணக்கு.

டிஜிட்டைத் தடுக்கும் டிராகோலுமாப் என்னும் மருந்து, பிடி-எல்1ஐத் தடுக்கும் அட்டிசோலிசுமாப்புடன் சேர்த்து 135 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஆராயப்பட்டது. முதற்கட்டப் பகுப்பாய்வில், இரு மருந்தும் பெற்றோருள் நூற்றுக்கு 31 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஒரே மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 16 பேருக்கே சுருங்கியது. மருத்துவ உலகம் பெரிதும் நம்பியது; மருந்து நிறுவனங்கள் பலவும் டிஜிட்டை நோக்கி விரைந்தன. அடுத்து, 534 பேரைக் கொண்டு பெரிய ஆய்வு நடைபெற்றது. நோய் முற்றுவதைப் போதிய அளவு தள்ளிப்போடவில்லை என்ற செய்தி 2022இல் வந்தது. வாழ்நாளையும் நீட்டிக்கவில்லை என்ற இறுதி முடிவு 2024இல் வெளியாயிற்று.

சிறு குழுவில் தோன்றும் வேறுபாடு பெருங்குழுவில் கரைந்துபோவது மருந்தாய்வில் புதிதன்று. இங்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. நோயாளியின் கட்டியில் பிடி-எல்1 எவ்வளவு உள்ளது என்பதைத் திசுச் சோதனையால் அளந்து, அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். எவர் கட்டியில் டிஜிட் என்னும் கடிவாளம் இழுக்கப்பட்டுள்ளது என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் நம்பகமான சோதனை இன்னும் உருவாகவில்லை.