'இங்கே பார்' என்று சொல்லாமல் பார்க்க வைப்பது



ஆயர் ஈத்தாமில் நாங்கள் நடத்தும் ஞாயிறு சமய வகுப்புக்கு எட்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். ஆட்டிசம் உள்ளவன். முதல் நாள் முழுக்க வாசலில் கிடந்த செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, இங்கே பார்! அண்ணனைப் பார்!" என்று இருபது தடவையாவது கத்தியிருப்பேன். கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். "மன்னிச்சிருங்க தம்பி, இனிமே கூட்டிட்டு வரல" என்றார் அவன் அம்மா. தப்பு செய்தது நான், மன்னிப்புக் கேட்டது அவர். அன்றைக்குத்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு வயதுக் குழந்தை காக்கையைப் பார்த்தால் விரல் நீட்டும். உடனே அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும், 'நீயும் பாத்தியா?' என்பது போல. இதைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள். பேச்சு வளர்வதற்கு இது பெரிய துணை. அம்மா "காக்கா" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்பது அவர் பார்வை போகும் திசையில்தானே தெரிகிறது! ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இது தாமதமாக, அல்லது வேறு விதமாக வருகிறது. அதற்காகக் கவனமே இல்லை என்று நினைச்சிடாதீங்க. செருப்பு அடுக்கியவனுக்கு இருந்த கவனம் என் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை. இன்னொருவரோடு அதைப் பகிர்வதுதான் அவனுக்குச் சிரமம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பேச்சு-மொழிச் சிகிச்சையாளர் ஜீனா டேவிஸ் இதற்காக ஒரு முறையை உருவாக்கினார். அதற்கு மூடி போட்ட ஒரு வாளி போதும். உள்ளே சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை, பம்பரம், சுழலும் விளக்கு மாதிரி சாமான்கள். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, நாமே ரசித்து விளையாட வேண்டும். "பார்" என்று சொல்லக்கூடாது. "தவளை… குதிக்குது!" அவ்வளவுதான் பேச்சு. பொருளைப் பிள்ளை கையில் கொடுப்பதில்லை, கொடுத்தால் அது மறுபடி அவன் தனி உலகமாகிவிடும். எழுந்து நடந்தால் நடக்கட்டும். முதலில் இரண்டு நிமிடம் போதும்.

அது பழகிய பிறகு, கொஞ்சம் நீளமான ஒன்று. நாங்கள் கறுப்புத் தாளில் வண்ணக் கோலமாவைத் தூவினோம். மூன்றாவது கட்டத்தில் பிள்ளைகள் முறை வைத்து வந்து தூவுவார்கள். தன் முறைக்குக் காத்திருப்பதும் மற்றவன் செய்வதைப் பார்ப்பதும் இங்கேதான் பழக்கமாகிறது. நான்காவதில், பார்த்ததைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய்த் தானே செய்வான்.

பேசும்போது கேள்விமேல் கேள்வி வேண்டாம். ஒன்று சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்க. அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம், அவனுக்கு இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க, பலருக்கு அது வேதனை. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். மேளம் அடிக்கப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லி, வெளியே போக வழி விடுங்கள்.

இன்னொன்று. டேமியன் மில்டன் தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். புரியாமை இரு பக்கமும் உண்டு என்று 2012-இல் எழுதினார். அவனுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவனைப் புரிந்ததா?

நம் நாட்டில் 2019 முதல், சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை இருக்கிறது. நம் வகுப்பு அரசாங்கப் பள்ளி இல்லைதான். ஆனால் அந்த அம்மாவுக்கு வேறு வாசல் எங்கே இருக்கிறது, சொல்லுங்க? நான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

ஆறாவது வாரம் வாளி மூடி இறுகிக்கொண்டது, திறக்க வரவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. செருப்புப் பக்கம் இருந்தவன் மூடியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி மூடியைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்து மூடிமேல் வைத்தான்.